கடைசிப் பாட்டு, ஒன்பது நிமிடம்

கடைசிப் பாட்டு தொடங்கி இரண்டாவது நிமிடத்திலேயே ஒருவன் கத்தினான். "விஷம் குடிச்சவளுக்கு எவ்வளவு மூச்சுடா!" அரங்கமே கொல்லென்று சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரையில் வாயசைத்துக்கொண்டிருந்தவள் நடிகை. அந்த மூச்சு என்னுடையது.

இருபத்திரண்டு வருடம், வசனமெல்லாம் பாட்டாகவே வரும் ஓபரா மேடையில் பாடியவள் நான். நான் பாடிய ஒரு நாடகத்தில் கலங்கரை விளக்கக் காவலாளியின் மனைவி விஷம் குடித்துவிட்டு ஒன்பது நிமிடம் பாடிச் சாவாள். அதைப் படமாக எடுத்தபோது முகத்துக்கு ஒருத்தியை வைத்தார்கள், குரலுக்கு என்னை. பாட்டைப் பதிவு செய்த நாலாம் மாதம் என் தொண்டையில் கத்தி வைத்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. இப்போது நான் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும். மேடையில் பாடியதை ஒருவரும் பதிவு செய்து வைக்கவில்லை. என் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது இந்த ஒன்பது நிமிடத்தில் மட்டும்தான்.

இன்றைக்குச் சோதனைக் காட்சி. படம் வெளிவருமுன் நூற்றைம்பது பேரைக் கூப்பிட்டுக் காட்டி, ஆளுக்கொரு அட்டை கொடுத்துக் கருத்துக் கேட்கிறார்கள். 'பிடித்த காட்சி', 'நீளமாக இருந்த காட்சி' என்று கட்டங்கள். டிக் அடித்தால் போதும். பாதிப் பேர் நீளம் என்று சொன்னால் பாட்டை இரண்டு நிமிடமாக நறுக்கிவிடுவதாக இயக்குநர் போனிலேயே சொல்லிவிட்டார். "தப்பா நினைக்காதீங்க மேடம், ஆடியன்ஸ்தான் நமக்கு முதலாளி." குரல் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் காது கிழிந்திருக்கும்.

இடப்பக்கம் என் நாத்தனார். பாப்கார்னை மடியில் வைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள். தொடையில் நறுக்கென்று கிள்ளினேன்.

"ஐயோ அண்ணி! உங்க பாட்டுக்கா சிரிச்சேன்? அவ கண்ண உருட்டுறா பாருங்க, அதுக்குச் சிரிச்சேன்."

வலப்பக்கம் என் வீட்டுக்காரர். பஸ் டிரைவர். இத்தனை வருடத்தில் என் நாடகத்துக்கு இரண்டே தடவை வந்தவர், இரண்டு தடவையும் முதல் அங்கத்திலேயே குறட்டை விட்டவர். விடிகாலை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த மனுஷனை என்ன சொல்வது என்று அப்போது விட்டுவிட்டேன். இன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தார். பாட்டு பாதியில் இருக்கும்போது திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். விளக்குப் போடட்டும், உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விளக்கு எரிந்தது. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டபடியே டிக் அடித்தார். ஒரு பெண் அட்டைப்பெட்டியை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக வந்தாள். நாத்தனார் 'பிடித்த காட்சி'யில் என் பாட்டைக் குறித்து, கிள்ளு வாங்கிய தொடையைத் தடவிக்கொண்டே எனக்குக் காட்டினாள். வீட்டுக்காரர் முழங்கால்மேல் அட்டையை வைத்துப் பேனாவால் அழுத்தி அழுத்தி எழுதினார். எட்டிப் பார்த்தேன். நீளமாக இருந்த காட்சி, கடைசிப் பாட்டு. டிக்.

"பாவி மனுஷா" என்றேன். வெறும் காற்றுதான் வந்தது. "ஊரான் சிரிச்சான், சரி. நீங்களுமா? தூங்கினவருக்கு நீளம் எப்படித் தெரிஞ்சுது?"

"யாரு தூங்கினா?" அவர் கண் சிவந்திருந்தது. "அந்தப் பொம்பள மூஞ்சியப் பாக்கப் பிடிக்காம கண்ண மூடினேன். மூடினா நீயே சாகுற மாதிரி கேக்குது. ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருந்த அன்னிக்கு இருந்துச்சே, அதே மாதிரி. எவ்வளவு நேரம்டி அதத் தாங்குறது?"

அட்டையின் அடியில் 'காரணம்' என்று ஒரு கோடு. அதில் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: 'என் வீட்டுக்காரி சாகிறதை இவ்வளவு நேரம் கேட்க முடியவில்லை.'

இருபத்திரண்டு வருடம் இதற்காகத்தானே பாடினேன். எனக்கு அழுகை வந்தது. கோபம் மட்டும் இம்மியும் குறையவில்லை.

"காரணத்த யாரும் படிக்க மாட்டாங்க. டிக்கத்தான் எண்ணுவாங்க."

அவர் திருதிருவென்று விழித்தார். "அப்படியா? அப்ப குடுக்கல, விடு."

"சார், நூத்தம்பது அட்டையும் திரும்பி வரணும்" என்று அந்தப் பெண் பெட்டியை நீட்டினாள். அவர் கை தானாக நீண்டது. நான் அட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால், முதலில் கத்திய அந்தப் பயல் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கூட்டாளிகளுக்குச் செத்துக் காட்டியபடி படியிறங்கினான். என் பாட்டைத்தான் பாடினான். ராகம் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. நான் மூச்சு வாங்கிய இடத்தில் சரியாக மூச்சு வாங்கினான்.

"மேடம், விடுங்க" என்றாள் அந்தப் பெண். நான் விடவில்லை.