இருபத்தைந்தாவது நிமிஷம்

...இருபத்து மூன்று, இருபத்து நான்கு நிமிஷம், இதோ காருக்கு ஒரு தும்மல், பின்னால் ஓர் இழுப்பு, அவ்வளவுதான், நின்றுவிட்டது, சொன்ன நேரத்துக்குச் சொன்னதைச் செய்கிற வாகனம் இந்த ஊரில் வேறு உண்டா என்று பக்கத்தில் திரும்பிப் பெருமையாகத்தான் சொன்னேன், மனைவி சிரிக்கவில்லை, "இன்னொரு தடவை நின்னா வித்துடணும்னு சொன்னேன்ல? நாளைக்குப் புரோக்கருக்குப் போன் பண்றேன்" என்றாள். பண்ணுவாள், சொன்னால் செய்கிற வம்சம்... இருபத்தாறு வருஷம், மகளைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பின்சீட்டு, அதை எவனுக்கோ தூக்கிக் கொடுப்பதா? தண்ணீர் வாரியத்தில் முப்பது வருஷம் ராட்சச மோட்டார்களை அதட்டி ஓட வைத்தவன் நான் (அதட்டியது நான், ஓட வைத்தது ஃபிட்டர்கள், அது வேறு விஷயம்), எனக்கு இந்தக் கிழட்டு எஞ்சின் தண்ணி காட்டுவதா? டைரியில் எல்லாம் எழுதியிருக்கிறேன், தேதி, வேகம், வெயில், காற்றடித்த திசை உட்பட. பிளக் மாற்றியாயிற்று, காயில், பெட்ரோல் பம்பு, ஃபில்டர்... கிளம்பினால் வெண்ணெயாக ஓடும், பிறகு நிற்கும், பத்து நிமிஷம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும், மெக்கானிக் பார்க்கும்போது மட்டும் நல்ல பிள்ளை. பதினெட்டு வருஷ மெக்கானிக், போன் பண்ணினால் சாப்பாட்டில் பாதி எழுந்து வருகிற மனுஷர், அவரிடமும் போன வாரம் ஒரு மாதிரியாகப் பேசிவிட்டேன், "உங்க கைக்கு வயசாகுதோ"ன்னு...

வந்துவிட்டார், ஸ்கூட்டரைச் சாய்த்தார், பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நான் விளக்கவுரைக்குத் தொண்டையைச் செருமினேன், அவரோ நேரே வண்டியின் பின்பக்கம் போய், "டேங்க் மூடியக் கொஞ்சம் தொறங்க சார்" என்றார். சாவி என் சட்டைப்பையில், தனியாக. திருகினேன், உஸ்ஸென்று டேங்க் காற்றை உறிஞ்சியது, மூக்கைப் பொத்தி வைத்திருந்த குழந்தையை விட்டது போல. "இதுல காத்துப் போற ஓட்டையே இல்லையே சார். பெட்ரோல் எறங்க எறங்க உள்ள காத்து வரணும்ல? வரலைன்னா பம்பு எதை இழுக்கும்?" மூன்று மாதம் முன்னால் நான் வாங்கிப் போட்ட பூட்டு மூடி, பளபளவென்று... வண்டிக்கு ஒரு கம்பீரம் என்று மனைவியிடம் சொன்னேன், டைரியில்கூட எழுதாத காரணம் வேறு, சர்வீஸுக்குப் போய் வந்த வண்டியில் பெட்ரோல் முள் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது, பிரேக் பார்க்க ஓட்டிப் பார்த்திருப்பார், ஓட்டாமல் எப்படிப் பார்ப்பது, இது அப்போது புத்திக்கு எட்டவில்லை. அதற்கப்புறம் ஷெட்டில் வண்டியை விட்டபோதெல்லாம் வண்டிச் சாவியைக் கொடுத்தேன், மூடிச் சாவியைக் கொடுக்கவில்லை.

"என்னண்ணே கோளாறு? வித்துடலாம்னு பாக்குறேன்" என்று மனைவி இறங்கி வந்தாள். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "தூசிதான் தங்கச்சி, ஊதிட்டேன். இதப்போயி விப்பாங்களா?" என்றவர், பைக்குள் கைவிட்டு ஒரு பழைய மூடியை எடுத்துப் பொருத்தினார், என்னுடையதைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்தார், "வீட்டுல எதுக்காவது ஆகும் சார்." எதற்கு ஆகும்? மூடியோடு கிளம்பி வந்திருக்கிறாரே, அப்படியானால் எப்போதே தெரிந்திருக்கிறது, ஏன் சாவியைக் கேட்கவில்லை, கேட்டால் நான் என்ன நினைப்பேன் என்று... அதை அவர் நினைத்திருக்கிறார், மூன்று மாதமாக, என் பிளக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டே.

அரைமணிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது, "நல்லவேளை, இனிமே அந்த மனுஷனத் தொந்தரவு பண்ண வேணாம், இல்ல?" என்கிறாள் மனைவி, விற்கிற பேச்சே காணோம், நான் ஜெயித்தவன்தான், பிறகு ஏன் இப்படி... நாளைக்கு ஷெட்டுக்குப் போய் என்னவென்று நிற்பது, பிரேக்கா, நன்றாகப் பிடிக்கிறது, ஹார்ன்கூட ஊரைக் கூட்டுகிறது... "முன்சக்கரத்துல ஏதோ சத்தம் கேக்குதா?" என்றேன். காது கொடுத்துக் கேட்டாள். "ஒண்ணுமில்லையே" என்றாள்.