வெற்றிலை எடுத்த வீடுகள்

முந்நூற்றுப் பதினோரு ஓட்டில் ஜெயித்தோம். போன தேர்தலில் வித்தியாசம் இருபத்து நாலாயிரம். இடைத்தேர்தல் என்றால் ஆளுங்கட்சிக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி என்பார்கள். எங்களுக்கு அந்த அல்வா தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் வெடி வெடித்தார்கள். "ஒரு ஓட்டுல ஜெயிச்சாலும் ஜெயிப்பு ஜெயிப்புதான்" என்று மைக்கில் சொன்னவர் பல்வலிக்காரர் மாதிரி சிரித்தார்.

மறுநாள் காலையிலேயே பூத் வாரியான கணக்கு போனில் வந்துவிட்டது. பின்னாலேயே நகரச் செயலாளர் தேவேந்திரன் கூப்பிட்டான்.

"அண்ணா, உங்க பூத்துல என்னாச்சு? போன தபா ஐந்நூத்திப் பன்னெண்டு. இப்ப எரநூத்தி முப்பத்தாறு. பாதிகூட இல்லியே!"

"அதான்பா நானும் பார்த்துக்கினு இருக்கேன்."

"அத்தனை வீடும் நம்மதுன்னு எழுதிக் குடுத்தீங்களே. அதை நம்பித்தான் மேல சொன்னேன். இப்ப என் கழுத்தைப் பிடிக்கிறாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள யாரு யாரு மாத்திக் குத்துனாங்கன்னு பேரு அனுப்புங்க. இல்லேன்னா பூத்தை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க. நான் என்னா பண்றது, சொல்லுங்க?"

எங்கள் தெருவில் பஞ்சாட்சரம் என்று மூன்று பேர். எல்லோரும் தறியில் உட்காருகிறவர்கள்தான். ஆனால் கட்சிக்காரப் பஞ்சாட்சரம் நான் ஒருவன். இருபத்தாறு வருஷமாக அந்தப் பூத் என் பொறுப்பு. பிள்ளைகுட்டி கிடையாது. மார்கழியில் மனைவி காமாட்சியம்மாளும் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு என் வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள் எல்லாம் வாக்காளர் பட்டியலோடு வந்தவர்கள்தான். அதுவும் போனால் காலையில் எழுந்து யாருக்காகச் சட்டை போடுவது?

நான் எழுதிக் கொடுத்த கணக்கில் தப்பே வராது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்கப் போனால் நோட்டீஸோடு தாம்பூலத் தட்டும் போகும். தட்டிலிருந்து வெற்றிலை எடுத்தால் அந்த வீடு வாக்குக் கொடுத்த வீடு. வேண்டாதவர்கள் "இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள், தட்டைத் தொடமாட்டார்கள். சாமிமேல் செய்த சத்தியத்தை மீறினாலும் மீறுவார்கள், வெற்றிலையை மீறமாட்டார்கள். அதனால் நான் தலையை எண்ணுவதில்லை, வெற்றிலை எடுத்த வீட்டை எண்ணுவேன்.

இந்தத் தடவை ஒரு வீடுகூட மறுக்கவில்லை. வாசலிலேயே எதிர்க்கட்சிக் கொடி கட்டியிருந்த சிட்டிபாபுவும் எடுத்துக்கொண்டான். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மாறாக, பெருமையாக இருந்தது.

மத்தியானம் முழுக்கப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் பெயரை எழுதுவது? பல்லைக் காட்டி வெற்றிலையை வாங்கிக்கொண்டு முதுகில் குத்திவிட்டார்களே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாலு மணிக்கு அடுத்த வீட்டுச் சங்கரி வேலையிலிருந்து வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் காலை ஷிப்ட் அவளுக்கு. பையைக்கூட அவள் கீழே வைக்கவில்லை, போய் நின்றேன்.

"உண்மையைச் சொல்லும்மா. எங்களுக்குக் குத்தினியா?"

"இல்ல பெரியப்பா."

அவ்வளவு சுலபமாகச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"வெத்தலை எடுத்தீங்களே!"

"நீங்க ஒண்டியா தட்டைத் தூக்கிக்கினு வந்து நின்னீங்க. பெரியம்மா போயி மூணு மாசம்தான் ஆயிருந்துச்சு. அந்தத் தட்டுல கை வைக்காம எப்படி அனுப்புறது? தெருவே அதுக்குத்தான் எடுத்துச்சு. சிட்டிபாபு அண்ணன் உள்ள போயி அழுதாராம்."

கோபம் இறங்கிவிட்டது. அது இருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"சரி, ஓட்டை ஏன்மா மாத்தினீங்க?"

"குழாயில இப்ப விடிகாலை அஞ்சு மணிக்குத் தண்ணி வுடுறாங்க. எங்களுக்குக் கம்பெனி பஸ்ஸு நாலே முக்காலுக்கு. இந்தத் தெருவுல பாதி வீட்டுப் பொம்பளைங்க பஸ் ஏறுறோம். திரும்பி வந்து குடத்தைத் தூக்கிக்கினு பக்கத்துத் தெரு பம்புக்கு ஓடுறோம். மூணு மாசமாச்சு, ஒருத்தர் ஏன்னு கேக்கல."

"என்கிட்ட சொல்லியிருந்தா ஒரு போன்ல மாத்தியிருப்பேனே!"

"உங்ககிட்ட என்னிக்கு பெரியப்பா சொன்னோம்? எல்லாம் பெரியம்மாகிட்டதானே சொல்லுவோம்."

ஒவ்வொரு தேர்தலுக்கும் நானும் காமாட்சியம்மாளும்தான் போவோம். நான் வாசலில் ஆண்களோடு டெல்லி அரசியல் பேசுவேன். அவள் மஞ்சள் குங்குமத்தோடு நேராக அடுப்படிக்குப் போய்விடுவாள். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று நான் வெளியிலிருந்து கத்துவேன். சோறு போடும்போது ஒவ்வொன்றாகச் சொல்வாள். கோடி வீட்டுக் கம்பத்தில் விளக்கு எரியவில்லையாம், அலமுவின் மருமகள் பெயர் ரேஷன் கார்டில் ஏறவில்லையாம். நான் போன் போடுவேன், வேலை நடக்கும், பெயர் எனக்கு வரும். தேர்தல் இல்லாத நாளிலும் அவள் அந்த அடுப்படிகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். இருபத்தாறு வருஷ ஓட்டும் அவளுடையது. கடைசிவரை அவளிடம் ஒரு நல்ல வார்த்தை நான் சொன்னதில்லை.

என் வீட்டுக் குழாயிலும் அதே ஐந்து மணிக்குத்தான் தண்ணீர் வந்திருக்கிறது. ஒற்றை ஆளுக்கு ஒரு குடம் போதும். நான் கவனித்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து தேவேந்திரனுக்கு ஒரே ஒரு பெயரை அனுப்பினேன். காமாட்சியம்மாள். உடனே கூப்பிட்டான்.

"ஒரே பேருதானாணா?"

"ஒரே பேருதான்பா. அத்தனை ஓட்டும் அவளாலதான் போச்சு."

"அவ்ளோ பெரிய ஆளா! எந்தக் காமாட்சிணா? நம்ம ஊர்ல அந்தப் பேரைச் சொன்னா நூறு பேரு திரும்புவாங்களே."

எத்தனை தேர்தலுக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டவன். "அண்ணி, இன்னும் ஒரு கரண்டி" என்று இலையை நகர்த்துவான். பெயரைக் கேட்டுக்கொண்டதில்லை. சாவுக்கும் மாலையை ஆளிடம் கொடுத்தனுப்பினான்.

"நீங்க கவலைப்படாதீங்கணா. கூப்பிட்டு வெச்சுப் பேசுனா வழிக்கு வந்துடுவாங்க."

"நானும் நாலு மாசமா கூப்பிட்டுக்கினுதான் இருக்கேன், தேவேந்திரா."

"எடுக்க மாட்டேங்குதா அந்தம்மா? நம்பரை அனுப்புங்கணா, நான் பேசுறேன்" என்றான் அவன்.