நேரம் முடிந்த பின் ஒரு வாக்கியம்

அச்சகத்திலிருந்து புத்தகங்கள் வந்து இறங்கிய வாரத்தில்தான் நைன்கேவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு நூல் அது. நீல அட்டை, அட்டையில் அவள் கணவன் யெல்மர் தன் கையால் வரைந்த கோள், கோளின் மேல் அலையடிக்கும் கடல். பெட்டிகள் மாடிப்படி வரை அடுக்கியிருந்ததால் சமையலறைக்குப் போக உடம்பைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தது.

அந்தக் கோள் ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. தண்ணீர் கொதித்தும் போகாத, உறைந்தும் போகாத தூரம். அது நட்சத்திரத்தின் முகத்தைக் கடக்கும்போது கொஞ்சம் ஒளி கோளின் காற்றுக்குள் புகுந்து நம்மிடம் வரும். அப்படி வந்த ஒளியில் நைன்கே நீராவியின் தடத்தைப் பார்த்திருந்தாள். நான்காம் அத்தியாயம் முழுக்க அந்தத் தடம்தான். ஜெனீவாவின் பேராசிரியர் ரோஷா அவளுக்கு மூன்று வருட வேலை தருவதாகச் சொன்னதும் அதை நம்பித்தான். அதை நம்பித்தான் யெல்மர், வாய்க்கால்களில் ஏறும் நீரைப் பம்பால் வெளியேற்றும் நீர் வாரியத்தில், தன் வேலையிலிருந்து நீண்ட விடுப்புக்கு எழுதிக்கொடுத்திருந்தான். வீட்டையும் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது.

தேர்வாளர்கள் முன் நூலுக்காக வாதாட வேண்டிய பட்டமளிப்பு அரங்கில் என்ன கேள்வி வருமோ என்று தயாராகிக்கொண்டிருந்தவள், வேறு குழுவினர் முன்பு எடுத்திருந்த பதிவுகளைப் பிரித்துப் பார்த்தாள். நட்சத்திரத்தின் முகத்தில் குளிர்ந்த கறைகள் குறைவாக இருந்த காலம் அது. அதில் நீரின் தடம் மங்கியிருந்தது. கறைகள் கூடினால் தடமும் கூடுகிறது. அந்தக் கறைகள் நீராவி சிதையாமல் தங்கும் அளவுக்குக் குளிர்ந்தவை. அவள் கோளின் காற்றில் பார்த்ததாக நினைத்த தண்ணீர், நட்சத்திரத்தின் மேலேயே இருந்திருக்கிறது. நாள்தோறும் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். விழாவுக்கு முந்தின நாள் காலையில் அது உறுதியாகிவிட்டது.

அவளுடைய வழிகாட்டி ரூலாஃப் கெட்ட மனிதர் அல்ல. அறைக் கதவைச் சாத்திவிட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டார். தேர்வாளர்கள் நூலை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டாயிற்று, நாளைக்கு நடப்பது சடங்குதான் என்று எடுத்துச் சொன்னார்.

"விழா முடியட்டும், நைன்கே. அப்புறம் நிதானமா ஒரு கட்டுரையா எழுதிக்கலாம். யாரும் கேக்காதப்ப நீயா எதுக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கற?"

"நாளைக்கு அந்தப் புத்தகத்துக்காக வாதாடப் போறது நான். பொய்னு தெரிஞ்ச பக்கத்துக்கு எப்படி வாதாடறது?"

"பொய் இல்ல, தவறு."

"நேத்து வரைக்கும் தவறு. இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

அன்று சாயங்காலம் திருத்தச் சீட்டு அச்சடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா பௌக்யே வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்திலிருந்து சர்க்கரை ரொட்டியோடு வந்து இறங்கியிருந்தாள். பேருந்து ஓட்டும் கைகள் அவளுக்கு. சீட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு புத்தகத்திலும் நான்காம் அத்தியாயத்தில் செருகத் தொடங்கினாள். யெல்மர் எதிரே உட்கார்ந்து அதையே செய்தான். வேலை போய்விடுமே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனாலேயே நைன்கேவுக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"ஏன்டி, இந்தச் சீட்டு பாட்டுக்கு உள்ள கிடக்கு. அட்டைல கடலை வரஞ்சு வெச்சிருக்காரே ஒருத்தர், அதுக்கு எந்தச் சீட்டை ஒட்டறது?" என்றாள் அம்மா.

"அது கடல்னு யார் சொன்னா? வெறும் நீல மண்ணு அத்தே," என்றான் யெல்மர்.

நைன்கே சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் தடவை. பிறகு அவனிடம் கேட்டாள்: "ஜெனீவா போச்சுன்னா?"

"போனா போகட்டும். பொய்த் தண்ணிய நம்பி என்னைக் குடித்தனம் வைக்கச் சொல்றியா? நான் நிஜத் தண்ணில வேலை பாக்கறவன். ஒத்துக்க மாட்டேன்."

சீட்டு செருகுவதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. தேர்வாளர்களின் பிரதிகள் எப்போதோ போய்விட்டன. அவர்களுக்கு அவள் வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் அரங்கில் தேர்வாளர்கள் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். நைன்கே நின்றாள். அவளுக்கு இரு பக்கமும், வழக்கப்படி மாணவருக்குத் துணையாக நிற்கும் இருவர்: வாடகைக்கு எடுத்த, பின்பக்கம் நீண்ட வால்கோட்டில் யெல்மர், கறுப்புக் கவுனில் அம்மா. கேள்விக்கு முக்கால் மணி நேரம். அது முடிந்ததும் மணிகள் கோத்த வெள்ளிக் கோலோடு மேடைக் காவலர் உள்ளே வந்து, கோலைத் தரையில் தட்டி, "ஓரா எஸ்ட்" என்பார். லத்தீனில் நேரம் ஆயிற்று என்று பொருள். கோல் தட்டிவிட்டால் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்திக்கொள்ளலாம். அது மாணவரின் உரிமை. பதில் தெரியாதவர்கள் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருப்பதாகக் கேலி பேசுவார்கள்.

முதல் தேர்வாளர் கருவியின் பிழை அளவு பற்றிக் கேட்டார். இரண்டாமவர் ஒரு வரைபடத்தின் அச்சில் ஏன் அலகு போடவில்லை என்று கேட்டார். மூன்றாமவர் கேள்வியைவிடத் தன் சொந்த ஆய்வைப் பற்றியே அதிகம் பேசினார். நைன்கே முதல் பதிலிலேயே சொல்லிவிட நினைத்திருந்தாள். ஆனால் கேட்டதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். தலைவர் அதில் கறாராக இருந்தார். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ரூலாஃப் தன் பிரதியை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசித் தேர்வாளராக ரோஷா எழுந்தார். நூலோடு சேர்த்துப் பத்துக் கருத்துகளைத் தனித்தாளில் அச்சிட்டுத் தருவது வழக்கம். கடைசிக் கருத்து ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத விளையாட்டாக இருக்கும். ரோஷா அந்தத் தாளைத்தான் கையில் வைத்திருந்தார்.

"மதிப்புக்குரிய மாணவி, உங்க பத்தாவது கருத்து: 'நெதர்லாந்து வாழத் தகுந்த நாடு அல்ல, வாழத் தகுந்ததாக வைத்திருக்கப்படும் நாடு.' இதை யார் எழுதினாங்கன்னு எனக்கு ஒரு ஊகம் இருக்கு. பக்கத்துல நிக்கறவர் காது சிவக்குது. இருந்தாலும் நீங்கதான் வாதாடணும்."

அரங்கம் சிரித்தது. நைன்கேவுக்கு வழி தெரிந்தது.

"மிகவும் கற்றறிந்த தேர்வாளரே, நம்ம நாட்டுல கால்வாசி கடல் மட்டத்துக்குக் கீழ இருக்கு. சூடு சரி, தண்ணியும் தாராளம். ஆனா பம்புகளை நிறுத்திட்டா நாம முழங்கால் தண்ணில நிப்போம். பூமியும் அப்படித்தான். சூரியன்லேர்ந்து சரியான தூரம்ங்கறது முதல் படி மட்டும்தான். எரிமலை விடற கரியமில வாயுவை மழை கரைச்சுப் பாறைல சேர்க்கணும். பாறை திரும்ப உள்ள போய் எரிமலை வழியா வெளிய வரணும். அந்தச் சுற்று கோடிக்கணக்கான வருஷம் நிக்காம ஓடியிருக்கு. சூட்டை அளவா வெச்சிருக்கற அதுதான் நம்ம பம்பு. தகுந்த தூரத்துல நிறைய கோள் இருக்கலாம். ஆனா எத்தனைல பம்பு ஓடுதுன்னு யாருக்கும் தெரியாது. ஓடற இடத்துலயும் உயிர் வந்துச்சான்னு தெரியாது. நமக்குத் தெரிஞ்ச உதாரணம் ஒண்ணே ஒண்ணு. அதனாலதான் ஒரு இடத்துல தண்ணி இருக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். நான் என்னோட நாலாம் அத்தியாயத்துல—"

கதவு திறந்தது. மணிகள் குலுங்கின. கோல் தரையில் தட்டியது.

"ஓரா எஸ்ட்."

ரோஷா புன்னகையோடு உட்கார்ந்துவிட்டார். ரூலாஃப் மூச்சு விட்டார். இனி அவள் பேச வேண்டியதில்லை. பேசாததற்கு யாரும் குறை சொல்லவும் முடியாது. தலைவர் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அம்மா மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "ம்" என்றாள்.

"தலைவர் அவர்களே," என்றாள் நைன்கே. "ஒரு வாக்கியம் பாக்கி இருக்கு. முடிச்சுக்கறேன்."

யாரும் இப்படிக் கேட்டு அந்தத் தலைவர் பார்த்ததில்லை போலும். கோல் பிடித்தவரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார். தலைவர் தலையசைத்தார்.

"நாலாம் அத்தியாயத்துல நான் காட்டின தண்ணி கோளோடது இல்ல, நட்சத்திரத்தோட கறைகளோடது, அது நேத்துதான் எனக்கு உறுதியாச்சு, அந்த அத்தியாயத்தோட முடிவை நான் திரும்ப வாங்கிக்கறேன்."

யாரும் கைதட்டவில்லை. தேர்வாளர்கள் வரிசையாக எழுந்து ஆலோசனைக்குப் போனார்கள். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். யெல்மர் அவள் கையைப் பிடிக்கவில்லை. வால்கோட்டில் அது முறையல்ல. தன் கறுப்புக் காலணியின் நுனியால் அவள் காலணியைத் தொட்டுக்கொண்டு மட்டும் நின்றான்.

பட்டம் கொடுத்தார்கள். ரூலாஃப் வாழ்த்துரை படிக்கும்போது எழுதி வைத்திருந்த ஒரு பத்தியைத் தாண்டிவிட்டுப் படித்தார். தண்ணீரைப் பற்றிய பத்தி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வரவேற்பில் ரோஷா ஒயின் கோப்பையோடு வந்தார். புன்னகை இல்லை.

"முன்னாடியே எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்."

"வேலை தர்றவர்ங்கறதால உங்களுக்கு மட்டும் நேத்து எழுதினேன். நீங்க பயணத்துல இருந்தீங்க. பார்க்கல போல."

அவர் கைப்பேசியை எடுத்துத் தேடிப் படித்தார். அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்:

"உங்களை ஏமாத்த எனக்கு விருப்பமில்ல. அந்தத் தண்ணியைக் காட்டித்தான் அந்த வேலைக்கு நிதி வாங்கினேன். இனிமே அது இல்ல."

"தெரியும்," என்றாள் நைன்கே. "ஆனா கோள் இன்னும் அங்கதான் இருக்கு. அதுல தண்ணி இல்லேன்னு நான் சொல்லல. தெரியாதுன்னுதான் சொன்னேன். நட்சத்திரம் ஒரு முழுச் சுற்று சுத்தற வரைக்கும் கறைகளைப் பார்த்துட்டு, அப்புறம் கோளைப் பார்க்கணும். தொலைநோக்கி நேரத்துக்கு விண்ணப்பிக்கப் போறேன். வேலை இருந்தாலும் இல்லேன்னாலும்."

"ஒத்துக்குவாங்கன்னு நினைக்கறீங்களா?"

"முதல் தடவை ஒத்துக்க மாட்டாங்க."

ரோஷா கோப்பையைக் கீழே வைத்தார். "விண்ணப்பத்துல என் பேரையும் சேர்த்துக்குங்க. சம்பளம் தர முடியாது. பேர் தரலாம்."

மறுநாள் காலை விடாத மழை. யெல்மர் விடுப்புக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னான். வீட்டுக்காரம்மாவிடம் பேசும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். அவள் குரல் முன்னறையிலிருந்து கண்டிப்பாகவும் குழைவாகவும் மாறி மாறிக் கேட்டது. வாய்க்காலில் மட்டம் ஏறிக்கொண்டிருந்ததால் யெல்மர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டான்.

"பம்பைப் பார்த்துட்டு வந்துடறேன்," என்று மீந்துபோன சர்க்கரை ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டான். நைன்கேவின் தோளுக்கு மேலாக எட்டிக் கணினித் திரையைப் பார்த்தான். "என்னம்மா முனைவரே, அதுக்குள்ள ஆரம்பிச்சாச்சா?"

"வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நைன்கே பெட்டிகளைத் தள்ளி மேசையில் இடம் பண்ணிக்கொண்டு, விண்ணப்பத்தின் முதல் வரியை அடித்தாள்: 'இந்தக் கோளில் நீர் இருக்கிறதா என்பது எங்களுக்குத் தெரியாது.'