ரெண்டு தவளை பாக்கி

பேரு ஊசி. ஒல்லியா இருக்கிறதுக்காக அக்கா வெச்ச பேரு, அதுவே நெலச்சுப் போச்சு. வயசு இருபத்து மூணு. இருக்கிறது வீட்டை விட்டு ரொம்பத் தூரத்துல, ஒரு பெரிய ஓட்டலோட சலவைக்கூடத்துல, தரைக்கு அடியில. ஜன்னல் கிடையாது. வெளியில வெயிலா மழையான்னு மேல இருந்து யாராவது வந்து சொன்னாத்தான் உண்டு.

துவைச்ச படுக்கை விரிப்பெல்லாம் பெரிய உருளைக்குள்ள போய் இஸ்திரி ஆகிச் சுடச்சுட வெளிய வரும். அதைப் பிடிச்சு மடிக்கணும். கூட மடிக்கிறவர் தாடிக்காரர். ஆளுக்கு ரெண்டு முனை. ஆவியில ஊறி ஊறி ஊசிக்கு விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு கிடக்கும். ஃபோனைத் தொட்டா அது இவனை மனுஷனாவே மதிக்காது. அதனால மைக்கை எப்படியோ ஒரு அமுக்கு அமுக்கிட்டு வாயால சொல்லுவான், அது டைப் அடிக்கும், குடும்பக் குரூப்புல போட்டுடுவான். "நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். ஒரு குறையும் இல்லை."

குறை ஒண்ணு இருந்துச்சு. இங்க வர்றதுக்கு ஏஜென்டுக்குக் கட்டணும்னு ஊசி ஒரு ஃபைனான்ஸ்ல கடன் வாங்கியிருந்தான். வீட்டுல சொன்னது, "எல்லாச் செலவும் கம்பெனியே பாத்துக்குது." நடுவுல காய்ச்சல்ல படுத்தான், சம்பளத்துல பிடிச்சாங்க, ரெண்டு தவணை நின்னு போச்சு. வசூல்காரன் விடாம கூப்பிட ஆரம்பிச்சான். பேரைச் சொல்ல மாட்டான். கணக்கு கேட்டா, "எழுத்துலல்லாம் தர முடியாது, சொல்றதைக் கட்டு"ம்பான். சொல்ற தொகை ஒவ்வொரு தடவையும் வளரும். கடைசியில ஒரே பாட்டு: "உங்கப்பாகிட்ட சொல்லட்டுமா?"

அதைக் கேட்டா ஊசி நூலா துவண்டுடுவான். அப்பா தையல் மிஷின் ரிப்பேர் பாக்குறவரு. கடன் சொல்லி ஒரு திருகாணி வாங்க மாட்டாரு. அவருக்குத் தெரிஞ்சா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறது?

ஒரு நாள் துணிஞ்சு வசூல்காரனோட நம்பரைத் தடுத்து வெச்சான். அவ்வளவுதான், ஆள் கடன் பாரத்துல எழுதியிருந்த சலவைக்கூடத்து ஃபோனுக்கே வந்துட்டான். அது சுவத்துல மாட்டின ஃபோன். எல்லாருக்கும் கை ஈரம்கிறதால எப்பவும் ஸ்பீக்கர்லயேதான் கிடக்கும். ஊசி அப்பத்தான் தன் ஃபோனை மேஜை மேல வெச்சு, "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" வரைக்கும் சொல்லியிருந்தான். மணி அடிச்சுது. தாடிக்காரர் முழங்கையால பட்டனைத் தட்டினாரு. சுவரே கத்துச்சு.

"ஏண்டா ஊசி! ரெண்டு தவணை பாக்கி! தவணை கட்டலைன்னா உங்கப்பன் கடை வாசல்ல நின்னு கத்துவேன். உங்கக்காவைத் தெருவுல நிறுத்திக் கேப்பேன். போலீசை வெச்சு உன்னை அள்ளிட்டு வருவேன்!"

ஊசி ஓடிப்போய் ஃபோனை அணைச்சான். அதே அவசரத்துல மேஜையில இருந்த தன் ஃபோனை எடுத்து, தினமும் போடுற சேதிதானேன்னு பாக்காமலே அனுப்பிட்டான்.

கொஞ்ச நேரத்துல ஃபோன் துள்ளுச்சு. திறந்து பாத்தா அவன் பேர்ல இப்படி இருக்கு: "நல்லா இருக்கேன் சாப்பிட்டேன் ஏண்டா ஊசி ரெண்டு தவளை பாக்கி தவளை கட்டலைன்னா உங்கப்பன் கடை வாசல்ல நின்னு கத்துவேன்..." போலீஸ் வரைக்கும் ஒண்ணு விடாம ஏறியிருந்துச்சு.

கீழ அப்பா: "எந்தத் தவளை? அதை எதுக்குக் கட்டணும்?"

அத்தை: "புள்ள காய்ச்சல்ல உளறுது."

அக்கா எழுதலை. கூப்பிட்டுட்டா. "டேய், அது தவணைதானே?"

"அக்கா, அப்பாகிட்ட மட்டும்..."

"பக்கத்துலதான் நிக்கிறாரு."

ஊசி எல்லாத்தையும் கொட்டினான். அப்புறம் அப்பா கனைச்சாரு. "என் கடை வாசல்ல நிக்க ஏதுடா எடம்? பூரா மிஷினா கிடக்கு. வரச் சொல்லு, ரெண்டைத் தூக்கி உள்ள வைக்கட்டும்."

அக்கா விழுந்து விழுந்து சிரிச்சா. "ஏண்டா எருமை, 'அப்பாகிட்ட சொல்லட்டுமா'ங்கிறதை விட்டா அவனுக்கு வேற பேச்சே கிடையாது. அதையும் நீயே சொல்லித் தொலைச்சிட்டே. எழுத்துல தர மாட்டேன்னவன் இப்ப மிரட்டலை எழுத்துலயே தந்துட்டான். இனிமே எதுக்குடா பயம்?"

மறுநாள் சுவர் ஃபோன் மறுபடி அடிச்சுது. ஊசி தன் ஃபோனை அது பக்கத்துல வெச்சு மைக்கை அமுக்கினான், இந்தத் தடவை வேணும்னே.

"என்னடா, அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லுங்க சார். அவரும் உங்க பேரைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காரு. பேரு என்ன?"

ஒரு இருமல்.

"கொஞ்சம் நிதானமாப் பேசுங்க சார், டைப் ஆகுது."

"என்ன ஆகுது?"

"நீங்க சொல்றதெல்லாம் எழுத்தா ஏறுது. நேத்து சொன்னதும் ஏறிடுச்சு. அக்கா அதை எடுத்துக்கிட்டு உங்க ஆபீசுக்குக் கெளம்பிட்டா."

"தம்பி... நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது..."

'டா' இறங்கித் 'தம்பி' ஆயிடுச்சு. தாடிக்காரர் மடிக்கிறதை நிறுத்திட்டாரு.

"கட்ட மாட்டேன்னு சொல்லலை சார். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மேல ஏத்தினதெல்லாம் எதுக்கு, எழுதி அனுப்புங்க. மாசம் என்னால எவ்வளவு முடியும்னு நானும் எழுதுறேன். இந்த ஃபோனுக்கு மட்டும் இனிமே வராதீங்க. இது துணியைத் துவைக்கிற எடம், ஆளைத் துவைக்கிற எடம் இல்லை."

"சரிங்க."

சரிங்க! தாடிக்காரர் தோள்ல கிடந்த விரிப்பைக் கொடி மாதிரி தூக்கி ஒரு சுத்து சுத்தினதும் ஊசியும் சிரிச்சுட்டான்.

ஃபைனான்ஸ் ஆபீசுல மேனேஜர் 'தவளை கட்டலைன்னா'ன்னு சத்தமா படிச்சாராம், கூட இருந்தவங்க வாயைப் பொத்திக்கிட்டாங்களாம். அடுத்த வரி வந்ததும் மேனேஜர் குரல் இறங்கிப் போச்சுன்னு அக்கா சொன்னா. கணக்கு எழுத்துல வந்துச்சு. வசூல்காரன் சொன்னதுல பாதி கூட இல்லை. தவணையையும் ஊசி கேட்ட அளவுக்குக் குறைச்சுப் போட்டாங்க.

அடுத்த சம்பளத்தன்னைக்கு ஊசி குரூப்புல சொன்னான்: "ஒரு தவளை கட்டியாச்சு."

அத்தை கேட்டா: "நல்லா இறுக்கிக் கட்டினியா?"

அப்பா எழுதினாரு: "சபாஷ். அடுத்ததையும் பிடி."

இதைப் படிக்கிறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறது. கடனுக்காக யாராவது மிரட்டினா, அவன் போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிடுங்க.