ஐந்து உருண்டையும் ஒரு பிள்ளையும்

செங்கமலத்தின் ஆறு மாதப் பிள்ளைக்கு அன்றைய விலை ஐந்தரைக் கிலோ வெல்லம்.

பிள்ளை காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது வல்லக்கோட்டை முருகனிடம் பேரம் முடித்தவள் மாமியார் பாஞ்சாலி. எடைக்கு எடை வெல்லம். அதுவும் சொந்தக் கொல்லைக் கரும்பில் காய்ச்சியது. தராசு முள் நேராக நிற்க வேண்டும். பிள்ளை பிழைத்தது. வேண்டுதல் தீராமல் தாயும் பிள்ளையும் ஆவடிக்கு, தன் மகன் நாகப்பனோடு குடித்தனம் போகக்கூடாது என்று பிறகு இன்னொரு ஷரத்தும் சேர்த்துக்கொண்டாள். இன்று ஆடிக் கிருத்திகை. தவறினால் அடுத்த ஆடிதான்.

வீட்டில் மிஞ்சியிருந்தவை ஐந்தே உருண்டைகள். ஒன்றரைக் கிலோவில் இரண்டு, ஒரு கிலோவில் மூன்று. கோயில் தராசைக் குத்தகை எடுத்திருந்த தாண்டவராயன் ஐந்தையும் ஏற்றினார். வெல்லத் தட்டு இறங்கியது. சின்னது ஒன்றை எடுத்தார். பிள்ளை இறங்கியது. அதை வைத்துவிட்டுப் பெரியதை எடுத்தார். பிள்ளை இன்னும் இறங்கியது.

"மாத்தி மாத்திப் போட்டாலும் அஞ்சு வருது, ஆறு வருது. அஞ்சரை மட்டும் வர்லம்மா."

"ஒண்ணை ஒடச்சிக்கலாமா?" என்றாள் செங்கமலம்.

"பின்னம் பண்ணி சாமிக்கு வெப்பியாடி?"

"எங்கடையில அரைக்கிலோ உருண்டை கீது," என்றார் தாண்டவராயன், சமயம் பார்த்து.

"உன் வியாபாரத்த அப்பால வெச்சிக்க. எங்கொல்லை வெல்லம்னு வாயால சொல்லிக்கீறேன்."

பாஞ்சாலி பையை விரித்தாள். அம்மா எதிரில் வாய் திறக்காத நாகப்பன் ட்ரங்குப் பெட்டியோடு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. செங்கமலம் பையைப் பார்த்தாள். இன்னும் ஒரு வருஷம் இந்தக் கிழவியிடமா?

பைக்குள் போக இருந்த உருண்டையைப் பிடுங்கித் தட்டில் வைத்தாள்.

"அஞ்சும் இருக்கட்டும் அத்தே."

"முள்ளு சாயுதே, கண்ணு தெரியல?"

"சாயட்டும். கூட கீற அரைக்கிலோ அடுத்த பேரனுக்கு அட்வான்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பாஞ்சாலி சிரிக்கவில்லை. முள்ளைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள்.

"அட்வான்சு வாங்கினா முருகன் சரக்கு குடுத்தே ஆவணும்," என்றார் தாண்டவராயன், முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு.

"சரக்கு எந்த ஊர்ல தயாராவணும்னு எனக்குத் தெரியாதா?" பாஞ்சாலி பிள்ளையைத் தூக்கி மருமகள் கையில் கொடுத்தாள். "போ. வண்டி வந்துச்சி."

முருகனுக்குச் சேர்ந்தது ஆறு கிலோ. பிள்ளைக்குக் கழித்தது ஐந்தரை. முருகன் பேரில் நிற்கும் பாக்கி, அரைக் கிலோ.