டாக்டர் மகாதேவன் எழுதிக்கொடுத்த வருத்தம்

காலை ஏழு மணிக்கு மணி அடித்ததும் விடுதியில் வாளிகள் வெளியே வரும். ஒரு கிழமை ஏழு நாளும் தட்டுக் கழுவுதல், ஒரு கிழமை தரை துடைத்தல், ஒரு கிழமை கழிப்பறை. மெல்பேர்னுக்கு வெளியே இருந்த அந்தப் பெண்கள் பள்ளியில் செம்மறிப் பண்ணைக்காரர் மகளுக்கும் நீதிபதி மகளுக்கும் ஒரே முறைதான்.

1974இல் அங்கே சேர்ந்த கமலினிக்கும் கழிப்பறை முறை வந்தது. அதை அவள் கடிதத்தில் எழுதியிருந்தாள். அதே ஆஸ்திரேலியாவில் தூரத்து ஊர் ஆஸ்பத்திரியொன்றில் வேலை பார்த்த அவள் தகப்பன் டாக்டர் மகாதேவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

“இவ்வளவு தூரம் படிக்க விட்டது கக்கூஸ் கழுவவோ?” என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினார்.

முன்பு யாழ்ப்பாணத்தில் அவர்கள் வீட்டில் அந்த வேலைக்கு வந்தவர் பின்வாசலால் வந்து பின்வாசலாலேயே போனவர். அவருக்குத் தண்ணீர் கொடுக்கத் தனித் தகரப் பேணி இருந்தது. அப்படி வளர்ந்த மகாதேவன் பேனாவை எடுத்தார். மகளுக்குத் தோல் வருத்தம், அந்த நோய்க்குத் தண்ணீரும் சவர்க்காரமும் ஆகாது என்று மருத்துவச் சான்றிதழ் எழுதி அனுப்பினார். டாக்டருக்கு இது என்ன பெரிய வேலை?

பள்ளி அதை அப்படியே நம்பியது. கழிப்பறையோடு தட்டுக் கழுவுவதும் நின்றது, நீச்சலும் நின்றது.

அடுத்த மாதம் அவர் பார்க்க வந்தபோது, கமலினி சாப்பாட்டு மண்டபத்தில் தனியே இருந்தாள். குசினிக்குள் தட்டுச் சத்தமும் பிள்ளைகளின் சிரிப்பும் கேட்டன.

“ஏன் பிள்ளை தனிய இருக்கிறாய்? நிறத்தைப் பாத்து இவையள் உன்னை ஒதுக்கினமோ?”

“இல்லையப்பா. என்ர அறையில இருக்கிற ஜூடித் என்ர முறையையும் சேர்த்துச் செய்யிறாள். நேற்று என்ர கையைப் பிடிச்சுப் பாத்து, நோகுதோ எண்டு கேட்டாள். ஓம் எண்டு பொய் சொன்னனான்.” அவள் கைகளை விரித்து அவரிடம் நீட்டினாள். “எனக்கு ஒரு வருத்தமும் இருக்கேல்லை. நீங்கள் எழுதின பிறகுதான் வந்தது.”

மகாதேவன் மகளின் கைகளைப் பார்த்தார். ஒரு தழும்பும் இல்லை. அந்தத் தனிப் பேணி ஏனோ நினைவுக்கு வந்து அவரைச் சுட்டது. வேலை போனாலும் போகட்டும் என்று எழுந்து போய், விடுதிப் பொறுப்பாளர் மிஸ் ஹார்ப்பரிடம் சான்றிதழ் பொய் என்று ஒப்புக்கொண்டார். அந்த அம்மா முறைப் பட்டியலை எடுத்து, அடுத்த கிழமை கழிப்பறைக்குக் கமலினியின் பெயரை எழுதினார்.

திரும்பி வந்த மகாதேவன் மகளிடம் சொன்னார்:

“வருத்தம் உனக்கில்லை பிள்ளை, எனக்குத்தான். நாங்கள் இருக்கிற இடத்தை நாங்களே கழுவுறதில ஒரு இழிவும் இல்லை. அதை இன்னொருத்தர்ர தலையில கட்டிப்போட்டு, பிறகு அவரைக் கீழெண்டு சொல்லுறதுதான் இழிவு. போ, தட்டுக் கழுவ ஆள் தேவைப்படும்.”