தண்ணீர்த்தொட்டிக் கூரை

பேச்சிராஜ் செய்த வண்டியைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் தாண்டிப்போன ஆள் தென்காசியில் கிடையாது. அது ஒரு பழைய ஆம்னி வேன். அதன் கூரையை அறுத்துத் தள்ளிவிட்டு, மொட்டைமாடியில் கிடந்த கறுப்புத் தண்ணீர்த்தொட்டியைப் பாதியாக வெட்டி மேலே கவிழ்த்து வைத்திருந்தான்.

"ஏலே, இதுல ஆளை ஏத்துவியா, தண்ணியை ஏத்துவியா?" என்று டீ குடிக்க வந்தவனெல்லாம் பட்டறையை எட்டிப் பார்த்துக் கேட்டான். கேட்கட்டுமே! லாரிக்கு பாடி கட்டிப் பேர் வாங்கிய பேச்சிராஜ் இதை ஊருக்காகவா செய்தான்? தங்கச்சி பொன்செல்விக்காகச் செய்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் பைக் விபத்தில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்காக மூலையில் முடங்கிக் கிடக்கிறவள் இல்லை. தையல் கடையும் வாயும் அவளுக்கு நன்றாகவே ஓடின. ஒரே குறை, கூப்பிடு தூரத்துக் குற்றாலத்தில் குளித்துப் பதினோரு சீசன் ஆகிவிட்டது. தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லாமல் இல்லை.

"என்னைய மூட்டை மாதிரி எவனும் தூக்கக் கூடாது. இந்தச் சக்கர நாற்காலியிலயே போகணும், இல்லன்னா வேண்டாம்" என்று ஒரே பிடியாக நின்றாள்.

அதனால்தான் வேனின் பின்கதவில் சாய்வுப் பலகை, தரையில் நாற்காலிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும் கொக்கி. நாற்காலியோடு உள்ளே ஏறினால் அவள் தலை இடித்தது. அதனால்தான் தொட்டி.

ஆனி மாத வெள்ளிக்கிழமை. பேச்சிராஜ் கூரைக்குப் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோது மனைவி சங்கரேஸ்வரி அவசரப்படுத்தினாள். "ஏங்க, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள பெரிய கோயில் முன்னால எலுமிச்சம்பழம் நசுக்கணும். பூசை போடாத வண்டியிலயா அவளைக் கூட்டிட்டுப் போவீய?"

எட்டு போல்ட்டில் இரண்டுதான் மாட்டியிருந்தது. மிச்சத்துக்கு நைலான் கயிற்றைக் கட்டினான். பொன்செல்வி நாற்காலியோடு ஏறியதும், சங்கரேஸ்வரியையும் உட்காரவைத்து வண்டியை எடுத்துவிட்டான்.

காசி விஸ்வநாதர் கோயில் கோபுரவாசல் காற்றைப் பற்றித் தென்காசிக்காரனுக்குச் சொல்லவா வேண்டும்? சீசன் நேரத்தில் பெரிய மனுஷன்கூட வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நுழைகிற இடம் அது. நாற்பத்திரண்டு வருஷமாக அதில் நுழைந்து வெளியே வந்த பேச்சிராஜ் அன்றைக்குப் பார்த்து அதை மறந்துபோனான். சூடம் காட்டி, வண்டியை நகர்த்தி எலுமிச்சம்பழத்தை நசுக்கினானோ இல்லையோ, ஒரு காற்று அடித்தது. கயிறு அறுந்தது, இரண்டு போல்ட்டும் பிடுங்கிக்கொண்டது. தொட்டி எழும்பி, குட்டிக்கரணம் போட்டு, முருகம்மாளின் பூக்கடை முன்னால் போய் உட்கார்ந்தது. தெருவே கைதட்டிச் சிரித்தது.

பேச்சிராஜுக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. "திரும்பிருவோம் செல்வி. அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்."

சாரல் அவள் முகத்தில் தூவிக்கொண்டிருந்தது. "பழம் நசுங்கிட்டுல்லா? பூசை முடிஞ்சுது. வண்டியை எடுண்ணே!"

தொட்டியை முருகம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, திறந்த வண்டியிலேயே குற்றாலம் போனார்கள். அங்கே வழியை மறித்து ஒரு கயிறு. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. துண்டும் மாற்றுத்துணியுமாக வந்த கூட்டம் புலம்பிக்கொண்டே திரும்பியது. பேச்சிராஜ் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். பதினோரு வருஷம் கழித்து அவளைக் கூட்டி வந்து தூரத்தில் நிறுத்தி வேடிக்கை காட்டவா? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆத்தாடீ!" என்று பின்னால் ஒரு கூச்சல்.

பதறித் திரும்பினான். மெயினருவி, குளிக்கிறவர்களுக்குப் பாதுகாப்பாகக் கட்டிய ஆர்ச்சுக்கு வெளியே பொங்கிக் கொட்டியது. காற்று அந்தத் தண்ணீரை வாரி ரோடுவரைக்கும் கொண்டுவந்து, கூரையில்லாத வண்டிக்குள் சொரிந்தது. மற்ற வேன்களெல்லாம் கண்ணாடியை ஏற்றிக்கொள்ள, பொன்செல்வி இரண்டு கையையும் விரித்து, வாயைத் திறந்து, தொப்பலாக நனைந்துகொண்டிருந்தாள்.

ஒரு போலீஸ்காரர் விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தார். "குளிக்கத் தடைன்னு சொல்லுதோம்லா?"

"நாங்க எங்க சார் குளிக்கோம்? வண்டியிலல்லா இருக்கோம்" என்றாள் பொன்செல்வி.

அவர் வண்டியைப் பார்த்தார், கூரை இருந்த இடத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். அப்புறம் பேச்சிராஜின் காதருகே குனிந்தார். "அண்ணாச்சி, கயிறைத் தாண்டாம ஒரு பத்தடி முன்னால போடுங்க. அங்கன இன்னும் நல்லா விழும்."

பேச்சிராஜ் வண்டியை முன்னால் விட்டான். சங்கரேஸ்வரி பையிலிருந்து சோப்பை எடுத்தாள்.

"எம்மா, சோப்புக்கும் தடை!" என்று போலீஸ்காரர் கத்தினார்.

பொன்செல்வி சிரித்த சிரிப்பில் நாற்காலி குலுங்கியது. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அண்ணே, அந்தத் தொட்டியைத் திரும்ப மாட்டுன, நான் இந்த வண்டியில ஏற மாட்டேன், பாத்துக்கோ."